உங்களுக்குத் தெரியுமா? கார் டயர்: அளவு முதல் ஸ்டெப்னி வரை

காரின் மைலேஜ் என்ன, கடைசி சர்வீஸ் எப்போது என்றெல்லாம் கேட்டால் பதில் நாக்கு நுனியில் இருக்கும். டயர் அளவு என்ன என்று கேட்டால் மட்டும் பலர் காரைச் சுற்றி வந்து குனிவார்கள். குனிவதில் தப்பில்லை. வேண்டிய விவரம் முழுக்க அந்தக் கறுப்பு ரப்பரில்தான் அச்சாகியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் டயர் கடையில் யாரும் கதை விட முடியாது. நட்டு கழற்றத் தெரிந்தவர் நடுவழியில் கை பிசைந்து நிற்க வேண்டியதும் இல்லை.

எண்ணும் எழுத்தும்

● டயரின் பக்கவாட்டில் '185/65 ஆர்15 88எச்' என்று இருக்கிறதா? 185 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம். ஆனால் அது மில்லிமீட்டர் இல்லை, அகலத்தில் 65 சதவீதம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் என மூன்று கணக்கும் ஒரே வரியில்!

● 185 என்பது தரையில் படும் பட்டையின் அகலம் இல்லை. குறிப்பிட்ட ரிம்மில் மாட்டிக் காற்றடித்தபின், ஒரு பக்கச் சுவரின் புடைப்பிலிருந்து மறுபக்கப் புடைப்பு வரை உள்ள தூரம் அது. தரையைத் தொடும் பகுதி அதைவிடக் குறுகலாகத்தான் இருக்கும்.

● டயரின் முழு உயரத்தை நீங்களே கணக்கிடலாம். 185-ல் 65 சதவீதம் 120.25 மி.மீ. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர் என்று இரண்டால் பெருக்கினால் 240.5. நடுவில் 15 அங்குல ரிம், அதாவது 381 மி.மீ. கூட்டினால் 621.5 மி.மீ. இந்தக் கணக்கு ஒன்று கைவசம் இருந்தால் போதும், எந்த அளவு எந்த அளவுக்கு மாற்று என்பதை யாரையும் கேட்காமல் சொல்லிவிடலாம்.

● மாருதி ஸ்விஃப்ட்டில் விலை குறைந்த வகைக்கு 165/80 ஆர்14, விலை கூடிய வகைக்கு 185/65 ஆர்15. பார்வைக்கு இரண்டும் வேறு வேறு. கணக்குப் போட்டால் முதலாவது 619.6 மி.மீ., இரண்டாவது 621.5 மி.மீ. வித்தியாசம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. ரிம் பெரிதானால் பக்கச் சுவர் அந்த அளவுக்குக் குட்டையாகிறது. மொத்த உயரம் மாறாது.

● இந்த அளவு டயர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 512 முறை சுற்றுகிறது. ஸ்பீடோமீட்டர் காட்டுவதும் கிலோமீட்டர் ஏறுவதும் இந்தச் சுற்றுகளை எண்ணித்தான். டயரின் உயரம் மாறினால் இரண்டு கணக்கும் பிசகும்.

● ஆர் என்றால் ரேடியல். உள்ளிருக்கும் நூல் இழைகள் டயரின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர் குறுக்காக ஓடுகின்றன. அவற்றின் மேல் எஃகுக் கம்பிப் பட்டைகள். பலர் நினைப்பதுபோல அது 'ரிம்' என்பதன் சுருக்கம் இல்லை.

● அடுத்து வரும் 88 கிலோ இல்லை. அது ஒரு சுமைக் குறியீடு. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 82 என்றால் 475 கிலோ, 85 என்றால் 515 கிலோ, 91 என்றால் 615 கிலோ. புது டயரில் இந்த எண் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையவே கூடாது.

● கடைசி எழுத்து வேக எல்லை. எஸ் 180, டி 190, யு 200, எச் 210, வி 240 கிலோமீட்டர். கவனித்தீர்களா? ஆங்கில அகரவரிசையில் முன்னால் இருக்கும் எச், இங்கே யு-வுக்கும் வி-க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 'நான் 100-க்கு மேல் போகவே மாட்டேன்' என்பவருக்கும் இந்த எழுத்து முக்கியம். டயர் சூட்டை எவ்வளவு தாங்கும் என்பதும் அதில் அடக்கம்.

● அம்பாசடர் காலத்து டயரில் '5.90-15' என்று மட்டும் இருக்கும். அகலமும் அங்குலம், ரிம்மும் அங்குலம்; சதவீதமே கிடையாது. நடுவில் ஆர் என்ற எழுத்துக்குப் பதில் சிறு கோடு இருந்தால் அது குறுக்கு இழை டயர்.

● ரிம்மையும் மில்லிமீட்டருக்கு மாற்றிவிடலாம் என்று மிஷலின் நிறுவனம் 1975-ல் முயன்று பார்த்தது. டிஆர்எக்ஸ் என்ற பெயரில் 365, 390, 415 மி.மீ. ரிம்கள் வந்தன. 390 என்பது 15 அங்குலமும் இல்லை, 16-ம் இல்லை. சாதாரண டயர் அந்த ரிம்மில் ஏறாது. அந்த டயர் சாதாரண ரிம்மில் நிற்காது. ஏற்பாடு எடுபடவில்லை. உலகம் இன்றும் அங்குல ரிம்மிலேயே ஓடுகிறது.

கடைக்குப் போகும் முன்

● டயர் கடையில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது.
'சார், இதே சைஸ்தானா? ஒரு சைஸ் அகலம் ஏத்தினா வண்டி கும்முனு நிக்கும்.'
'எவ்வளவு அண்ணே போடலாம்?'
'205/65 போடுங்க, எல்லாரும் போடுறாங்க.'
இங்கேதான் கணக்கு உதவும். 205/65 ஆர்15-ன் உயரம் 647.5 மி.மீ. 185/65-ஐவிட 4 சதவீதத்துக்கு மேல் அதிகம். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது ஃபெண்டரில் உரசலாம். சக்கரத்தைச் சுழற்ற இன்ஜின் கூடுதலாக உழைக்கும். ஸ்பீடோமீட்டரும் பழைய டயருக்கு ஏற்ற கணக்கிலேயே காட்டிக்கொண்டிருக்கும். அகலம் வேண்டுமானால் சதவீதத்தைக் குறைக்க வேண்டும்: 195/60 ஆர்15 என்றால் உயரம் 615 மி.மீ., ஒரு சதவீத வித்தியாசம்தான். 16 அங்குல ரிம் ஆசை இருந்தால் 195/55 ஆர்16, அது 620.9 மி.மீ., கிட்டத்தட்ட அசல் உயரமே. அளவு மாற்றுவதற்கு முன் கார் கையேடு எதை அனுமதிக்கிறது என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

● டயருக்குப் பிறந்த தேதி உண்டு. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். '2324' என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. அந்த எண் ஒரு பக்கம் மட்டுமே இருக்கலாம். வெளிப்பக்கம் காணவில்லை என்றால் உள்பக்கம் பாருங்கள். 'புது டயர்' என்று கொடுப்பது மூன்று வருடம் கோடவுனில் கிடந்ததா என்பது இதில் தெரிந்துவிடும்.

● ஓடாத டயருக்கும் வயதாகும். ரப்பர் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும், வெடிக்கும். ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை. பத்து வருடம் ஆனால், பட்டன் தேயாமல் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பதே தயாரிப்பாளர்களின் பொதுவான அறிவுரை. டிக்கிக்குள் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும்.

● இந்தியாவில் விற்கும் கார் டயரில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். முத்திரையோடு உள்ள ஐஎஸ் 15633 என்பது கார் டயருக்கான தர எண்.

● டயரின் பள்ளங்களுக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். இடையிடையே சின்ன ரப்பர் மேடுகள் குறுக்கே தட்டுப்படும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. மேல் ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். சட்டப்படியும் அதுதான் எல்லை. மேட்டைத் தேடி அலைய வேண்டாம். பக்கச் சுவரின் மேல் விளிம்பில் சின்ன முக்கோணம் இருக்கும், அதற்கு நேர் மேலே மேடு இருக்கும்.

● தேய்ந்த விதமே காரணத்தைச் சொல்லிவிடும். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் என்றால் வீல் அலைன்மென்ட். அங்கங்கே குழி குழியாக இருந்தால் பேலன்ஸிங் அல்லது சஸ்பென்ஷனைக் கவனிக்க வேண்டும்.

● இரண்டு டயர் மட்டும் புதிதாகப் போட்டால் எங்கே மாட்டுவது? பெரும்பாலோர் முன்னால் என்பார்கள். டயர் நிறுவனங்கள் பின்னால் என்கின்றன, முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும். மழையில் முன் டயர் வழுக்கினால் கார் வளைவில் நேராகப் போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் கார் அப்படியே திரும்பிவிடும். பழகிய டிரைவருக்கும் அது கையை மீறிய விஷயம்.

● சில டயர்களில் அம்புக்குறி இருக்கும். அந்தத் திசையில்தான் சுழல வேண்டும். மாற்றி மாட்டினால் தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளங்கள் உள்ளே இழுக்கும். இன்னும் சிலவற்றில் 'வெளிப்பக்கம்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

● புது டயரில் முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் எதற்கு? ஒன்றுக்கும் இல்லை. அச்சில் வார்க்கும்போது உள்ளே சிக்கிய காற்று வெளியேறச் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். அவற்றில் புகுந்த ரப்பர் அது. வெட்டினாலும் விட்டாலும் ஓட்டத்தில் மாற்றம் இல்லை.

● பட்டன் கட்டைகள் எல்லாம் ஒரே அளவு என்று நினைக்கிறீர்களா? உற்றுப் பாருங்கள், சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்கும். ஒரே அளவாக இருந்தால் ஒவ்வொன்றும் தரையில் படும் சத்தம் ஒரே சுருதியில் சேர்ந்து ஊளையிடும். அதைக் கலைக்கத்தான் இந்த ஏற்பாடு.

காற்றுக் கணக்கு

● காரைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே இருக்கும் காற்று. ஆட்களோடு 1,000 கிலோ எடையுள்ள காரில் ஒரு டயருக்கு 250 கிலோ. 32 பிஎஸ்ஐ காற்று என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ. வகுத்தால் ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ 111 சதுர சென்டிமீட்டர். நான்கு டயரும் சேர்ந்தால்கூட ஒரு ஏ4 தாளை நிரப்பாது. பிரேக், வளைவு, மழை எல்லாவற்றையும் அந்த இடம்தான் சமாளிக்கிறது.

● எவ்வளவு காற்று? டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு, முழு லோடுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். டயர் மேல் அச்சாகியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அதைப் பார்த்து நிரப்பினால் கார் தவளை மாதிரி துள்ளும்.

● ஸ்டிக்கரில் உள்ள அளவு, டயர் குளிர்ந்திருக்கும்போது வைக்க வேண்டியது. ஓடிச் சூடேறிய டயரில் 3, 4 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுவது இயல்பு. 'அதிகமாக இருக்கிறது' என்று அப்போது இறக்கிவிட்டால், காலையில் குறைவாக நிற்கும். திண்டிவனம் தாண்டி வெயிலில் வந்த காரை பங்க்கில் நிறுத்திக் காற்றைக் குறைக்கச் சொல்வது இதனால்தான் தப்பு.

● கோடையில் டயர் வெடிப்பதற்குக் காற்று அதிகமானதுதான் காரணம் என்று ஒரு நம்பிக்கை. பெரும்பாலும் நடப்பது தலைகீழ். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது; அந்த மடக்கலில் சூடு ஏறுகிறது; சூட்டில் இழைகள் ரப்பரை விட்டுப் பிரிகின்றன. வேகமும் சுமையும் சேர்ந்தால் வெடிப்பு.

● நைட்ரஜன் போட்டால்தான் நல்லதா? நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும், ஈரப்பதம் இருக்காது, அதுவே லாபம். மாதம் ஒருமுறை சாதாரணக் காற்றைச் சரிபார்ப்பவருக்கு அது இல்லாமலும் குறையில்லை.

● டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்தால் உடனே பிடுங்காதீர்கள். ஆணியே அடைப்பானாக இருந்து காற்றைப் பிடித்து வைத்திருக்கும். மெதுவாகப் பஞ்சர் கடை வரை போய்விடலாம். அங்கே சோப்புத் தண்ணீரைத் தடவுவார்கள். ஆணியின் கழுத்தைச் சுற்றி நுரைக் குமிழி ஒவ்வொன்றாக எழும்பும். பிறகே குறடால் இழுத்து, அரத்தால் துளையைச் சுரண்டி, பசை தடவிய ரப்பர் திரியை ஊசியில் கோத்து உள்ளே குத்துவார்கள்.

● 6 மி.மீ.க்கு மேல் விட்டமுள்ள துளையையும், பக்கச் சுவரில் விழுந்த துளையையும் ஒட்டி ஓட்டக் கூடாது. பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் வளைவதால் ஒட்டு நிற்காது.

இடையில் கொஞ்சம் வரலாறு

● காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தவர் என்று 1888-ல் காப்புரிமை வாங்கிய ஜான் பாய்ட் டன்லப்பைச் சொல்வோம். அவர் பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவர். மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்தது. ஆனால் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அது தெரியவந்ததும் டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது. தாம்சன் காலத்தில் காரும் இல்லை, இன்றைய சைக்கிளும் இல்லை. அவர் செய்தது குதிரை வண்டிக்கு.

● ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வழியைக் கண்டவர் சார்லஸ் குட்இயர். அவர் 1860-ல் இறந்தார். குட்இயர் டயர் கம்பெனி தொடங்கியது 1898-ல், ஃபிராங்க் சைபர்லிங் என்பவரால். பெயர் வைத்தது மரியாதைக்கு மட்டுமே.

● மிஷலின் விளம்பரத்தில் வரும் டயர் மனிதர் ஏன் வெள்ளையாக இருக்கிறார்? 1898-ல் அவர் பிறந்தபோது டயர்கள் வெளிர் நிறத்தில்தான் இருந்தன. கார்பன் பிளாக் என்ற கரிப்பொடியைச் சேர்த்தால் தேய்மானம் வெகுவாகக் குறையும் என்பது தெரிந்தபின் டயர் கறுத்தது.

● சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம்.மம்மன் மாப்பிள்ளை 1946-ல் தொடங்கியது பொம்மை பலூன் செய்யும் தொழில். அதுதான் வளர்ந்து எம்ஆர்எஃப் ஆனது. பலூனிலிருந்து பழைய டயருக்கு மேல்பட்டை ஒட்டும் ரப்பருக்கு 1952-ல் வந்து, 1961-ல் டயரே தயாரித்தது. 1967-ல் அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி.

● ஒரகடத்தில் அப்போலோ, தேர்வாய் கண்டிகையில் மிஷலின், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஜேகே மற்றும் சியட், அரக்கோணத்திலும் பெரம்பலூரிலும் எம்ஆர்எஃப் என்று தமிழ்நாட்டில் டயர் ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. உங்கள் காரில் ஓடுவது ஒருவேளை உங்கள் பக்கத்து மாவட்டத்து டயராக இருக்கலாம்.

● ஆரம்பகாலக் கார்களில் உபரிச் சக்கரம் கிடையாது. வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் ஒரு வழி கண்டார்கள். ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதில் காற்றடைத்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே அதன் பக்கத்தில் இறுக்கிக்கொண்டு ஓட்டிவிடலாம். உபரிச் சக்கரத்தை நாம் 'ஸ்டெப்னி' என்பது அந்தத் தெருவின் பெயரால்தான்.

நடுவழியில் நீங்களே மாற்ற

● முதலில் இடம். டயர் போன இடத்திலேயே நிறுத்தக் கூடாது. கெட்டியான, சமமான தரை கிடைக்கும் வரை பத்து கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு போகலாம். டயர் எப்படியும் போய்விட்டது. ரிம் கொஞ்சம் அடிபட்டாலும் உயிர் பெரிது. வளைவிலும் பாலத்திலும் நிறுத்தவே வேண்டாம்.

● எச்சரிக்கை முக்கோணத்தைக் காருக்குப் பின்னால் 50 மீட்டரில் வைத்தால் போதுமா? மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் வண்டி 50 மீட்டரை 1.8 விநாடியில் கடந்துவிடும். பின்னால் வருபவர் பார்த்து, யோசித்து, மிதிக்க அது போதாது. நெடுஞ்சாலையில் 100 மீட்டருக்கும் அப்பால் வையுங்கள். ஹசார்ட் விளக்கை எரியவிடுங்கள். உள்ளே இருப்பவர்கள் இறங்கி, ரோட்டை விட்டுத் தள்ளி நிற்கட்டும்.

● ஹேண்ட் பிரேக் போட்டாயிற்று, முதல் கியரிலும் போட்டாயிற்று. பிறகு எதற்குக் கல்? பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கும். கியர் முன்சக்கரத்தைப் பிடிக்கும். முன்சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால் டிஃபரன்ஷியல் வழியாக அது காற்றில் சுற்ற, மற்ற முன்சக்கரம் உருளலாம். கியர் பிடிப்பு போயிற்று. பின்சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கில் பாதி போயிற்று. எனவே தூக்கப்போகும் சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும்.

● வேலை முடிந்ததும் அந்தக் கல்லை மறக்காமல் ரோட்டோரம் தூக்கிப் போடுங்கள். இருட்டில் பைக்கில் வருபவருக்கு அதுவே எமன்.

● நட்டைத் தளர்த்துவது ஜாக்கி ஏற்றும் முன். கார் தரையில் நிற்கும்போது சக்கரம் சுழலாது. முழு பலத்தையும் போடலாம். தூக்கியபின் முயன்றால் சக்கரமும் சேர்ந்து சுற்றும், காரும் ஜாக்கியிலிருந்து சறுக்கும். ஒரு சுற்றுத் தளர்த்தினால் போதும், கழற்ற வேண்டாம்.

● இறுகிப்போன நட்டுக்குக் கையைவிடக் கால் மேல். ஸ்பேனரின் கைப்பிடி இடப்பக்கம் கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும்படி மாட்டுங்கள். கார் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, பாதத்தால் கைப்பிடி முனையைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். இடஞ்சுழியாகத் திரும்பி, 'கிரிச்' என்ற சத்தத்தோடு நட்டு விடும். குதிக்க வேண்டாம், ஸ்பேனர் வழுக்கினால் முழங்கால் ரிம்மில் மோதும்.

● அலாய் வீல் காரில் ஒரு நட்டு மட்டும் வேறு மாதிரி இருக்கிறதா? அது திருட்டைத் தடுக்கும் பூட்டு நட்டு. அதற்கென்று சின்னச் சாவி ஒன்று டூல் பையில் இருக்கும். சர்வீஸ் சென்டரிலிருந்து வண்டி வந்ததும் அந்தச் சாவி திரும்பி வந்ததா என்று பாருங்கள்.

● ஜாக்கியை எங்கே வைப்பது? கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில் இரண்டு சின்ன வெட்டு இருக்கும். அவற்றுக்கு நடுவில்தான் உலோகம் கனமாக்கப்பட்டிருக்கிறது. வேறெங்கே வைத்தாலும் தகடு நசுங்கும். மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு.

● பஞ்சரான டயர் தரையை விட்டதும் ஜாக்கியை நிறுத்திவிடாதீர்கள். காற்று நிறைந்த டயருக்கு இன்னும் நாலைந்து சென்டிமீட்டர் உயரம் வேண்டும்.

● கழற்றிய சக்கரத்தை ஓரமாகச் சாய்த்து வைக்க வேண்டாம்; காருக்கு அடியில், ஜாக்கி பக்கத்திலேயே படுக்க வையுங்கள். ஜாக்கி சறுக்கினாலும் கார் அந்தச் சக்கரத்தின் மேல் உட்காரும். என்ன ஆனாலும் உங்கள் தலையோ காலோ அடியில் போகக் கூடாது.

● நட்டெல்லாம் கழன்ற பிறகும் சக்கரம் அசையவில்லையா? துரு பிடித்து ஹப்போடு ஒட்டியிருக்கும். ஜாக்கியில் நிற்கும் காரைப் பிடித்து உலுக்காதீர்கள். நட்டுகளை மறுபடி மாட்டி, ஒரு சுற்று மட்டும் தளர்வாக வைத்து, காரை இறக்கி, டயரின் பக்கத்தில் குதிகாலால் இரண்டு உதை. விட்டுவிடும்.

● ஸ்டெப்னியைத் தூக்கி மாட்டுவதில்தான் இடுப்புப் பிடிக்கும். தரையில் உட்கார்ந்துகொண்டு, டயருக்கு அடியில் பாதத்தைக் கொடுத்து நெம்பினால் துளை போல்ட்டுக்கு நேராக வந்துவிடும். வோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் கிடையாது. துளையோடு துளை பொருத்திப் போல்ட்டை உள்ளே திருக வேண்டும். முதலில் மேல் துளையில் ஒன்றைக் கையால் திருகினால் மற்றவை தானாக நேர்ப்படும்.

● எஃகு ரிம் நட்டின் ஒரு முனை சரிவாகக் கூம்பு போல இருக்கும். அந்த முனை ரிம் பக்கம் போக வேண்டும். கூம்பு துளையில் உட்கார்ந்தால்தான் சக்கரம் நட்டநடுவில் நிற்கும். திருப்பிப் போட்டால் இறுகியது போலத் தோன்றும்; ஓட ஓடக் கழலும்.

● நட்டுகளை வட்டமாக வரிசையில் இறுக்கக் கூடாது. ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதற்கு எதிரில் உள்ளது. ஐந்து நட்டு என்றால் நட்சத்திரம் போடுவதுபோல. முதலில் கையால் எல்லாவற்றையும் உட்கார வைத்து, காரை இறக்கியபின் ஸ்பேனரால் முழுக்க இறுக்குங்கள்.

● எவ்வளவு இறுக்கம்? பல சின்னக் கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் வரும்; உங்கள் காருக்கான எண் கையேட்டில் இருக்கும். 25 செ.மீ. ஸ்பேனரின் முனையில் 40 கிலோ அழுத்தம் கொடுத்தால் அந்த அளவு. 70 கிலோ ஆள் ஏறி நின்றால் 170-ஐத் தாண்டிவிடும். போல்ட் இழுபட்டுப் பலவீனமாகும். போல்ட்டில் கிரீஸ், எண்ணெய் தடவுவதும் கூடாது. வழுவழுப்பில் அதே பலத்துக்கு நட்டு மிகையாக இறுகிவிடும்.

● மாற்றி 50, 100 கிலோமீட்டர் ஓடியபின் நிறுத்தி நட்டுகளை மறுபடி ஒருமுறை பாருங்கள். உட்கார்ந்த இடத்தில் சற்றுத் தளர்ந்திருக்கலாம்.

● எல்லா நட்டும் இடஞ்சுழியாகத்தான் கழலும் என்பது எப்போதும் உண்மையாக இருந்ததில்லை. 1960-களின் அமெரிக்க கிறைஸ்லர் கார்களில் இடப்பக்கச் சக்கரத்தின் நட்டுகள் வலஞ்சுழியாகக் கழன்றன. ஓடும் திசையிலேயே நட்டு இறுகட்டும் என்ற யோசனை. விவரம் தெரியாமல் தெம்பாகத் திருகியவர்கள் போல்ட்டையே முறித்தார்கள்.

ஸ்டெப்னி சேதி

● காரில் ஸ்டெப்னியே இல்லையா? சட்டப்படி சரிதான். டியூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மத்திய அரசு மோட்டார் வாகன விதியைத் திருத்தியது. கார் வாங்கும்போது டிக்கித் தரையைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

● நான்கு சக்கரம் அலாய், ஸ்டெப்னி மட்டும் ஒல்லியான எஃகு ரிம். இது இன்று பரவலாக இருக்கிறது. அதில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். பஞ்சர் கடை வரை கொண்டு சேர்ப்பதே அதன் வேலை. முன்சக்கர இழுவைக் காரில் அதை முன்னால் மாட்டினால் இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றி டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைக்கும். முடிந்தால் நல்ல பின்சக்கரத்தை முன்னுக்கு மாற்றி, ஸ்டெப்னியைப் பின்னால் போடலாம்.

● 'டி125/80' என்று 'டி'யில் தொடங்கும் அளவு, தற்காலிக டயருக்கான அடையாளம். இந்த மெல்லிய டயர்களுக்கு 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும், சாதாரண டயரைப்போல இரண்டு மடங்கு.

● எந்த டயரும் சும்மா கிடந்தாலே மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ இழக்கும். ஸ்டெப்னியை வருடம் முழுக்கத் தொடாதவருக்குத் தேவைப்படும் நாளில் அதுவும் தட்டையாகவே கிடைக்கும். மற்ற நான்குக்கும் காற்று வைக்கும்போது ஐந்தாவதையும் கேளுங்கள். அதில் நாலைந்து பிஎஸ்ஐ கூடுதலாகவே வைத்துக்கொள்ளலாம்.

● இன்னோவா போன்ற வண்டிகளில் ஸ்டெப்னி டிக்கியில் இருக்காது. வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும். நீளக் கம்பியைத் துளைக்குள் விட்டுச் சுற்றி இறக்க வேண்டும். அந்தத் துளை எங்கே இருக்கிறது என்பதை வீட்டு வாசலில் வெளிச்சத்திலேயே கண்டுபிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

● தேசிய நெடுஞ்சாலையில் ஆபத்தான இடத்தில் மாட்டிக்கொண்டால் 1033-க்கு அழைக்கலாம். அது நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண். இரவு, மழை, குறுகிய ஓரம் என்றால் ஜாக்கியை எடுக்காமல் போனை எடுப்பதே புத்திசாலித்தனம்.

● 2023 கத்தார் ஃபார்முலா 1 பந்தயத்தில் மெக்லாரன் குழு லாண்டோ நாரிஸின் காருக்கு நான்கு டயரையும் 1.80 விநாடியில் மாற்றியது. அது உலகச் சாதனை. ஆனால் அங்கே சக்கரத்துக்கு ஒரே ஒரு நட்டு, சுற்றி இருபது பேர், கையில் காற்றழுத்தத் துப்பாக்கி. உங்களுக்கு ஒரு சக்கரம், நாலைந்து நட்டு, ஒரு ஸ்பேனர். அரை மணி நேரம் ஆனாலும் அவமானமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒத்திகை பார்த்தவருக்கு அதில் பாதி நேரமே ஆகும்.